கேப், குதிரை, கட்டை: பழைய அமெரிக்க ரைஃபிளுக்கு ஓர் எளிய அறிமுகம்

தீபாவளிக்கு வாங்கும் கேப் துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். கேப்பைப் போட்டு விசையை இழுத்தால், மேலே இருக்கும் சின்ன இரும்பு டக்கென்று வந்து அதன் மேல் விழும். பொட்டு மருந்து வெடிக்கும். கொஞ்சம் புகை, கொஞ்சம் வாசனை. துப்பாக்கி கிடைக்காத பிள்ளைகள் பொட்டு வெடியைத் தரையில் வைத்துக் கல்லால் ஒரே குத்து குத்துவார்கள். தீப்பெட்டியும் வேண்டாம், ஊதுபத்தியும் வேண்டாம். அடி விழுந்தால் தீ வருகிறது.

இந்தக் கட்டுரைக்கு வேண்டிய அறிவியலில் பாதி இவ்வளவுதான். மீதிப் பாதி கோயில் திருவிழாவில் இருக்கிறது. அதிர்வேட்டு போடுகிறவர் இரும்புக் குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, மேலே அடைத்து, நன்றாகக் கெட்டித்துவிட்டு, அடியில் இருக்கும் சிறு துளையில் நெருப்பு வைப்பார். அந்தக் குழாயைப் படுக்க வைத்து, மருந்துக்கு மேல் ஓர் ஈயக் குண்டையும் தள்ளி, அடித்துளைக்கு மேல் ஒரு பொட்டு வெடியைப் பொருத்துங்கள். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கர்கள் தோளில் மாட்டிக்கொண்டு காடுமேடெல்லாம் திரிந்த துப்பாக்கி கிட்டத்தட்ட வந்துவிட்டது.

கிட்டத்தட்ட என்று சொல்வதற்குக் காரணம், குழலுக்கு உள்ளே இருக்கும் சுருள் வரிகள். பம்பரம் சுற்றும்போது நிற்கிறது, சுற்று குறைந்தால் தள்ளாடுகிறது அல்லவா? குண்டும் அப்படித்தான். குழலின் உட்சுவரில் நீளவாக்கில் முறுக்கிக்கொண்டு போகும் பள்ளங்களை வெட்டிவிட்டால், குண்டு சுழன்றுகொண்டே வெளியே வரும், திசை மாறாமல் போகும். அந்தப் பள்ளங்கள் இருந்தால்தான் ரைஃபிள். இல்லாவிட்டால் மொழுக்கைக் குழல். நம் ஊரில் நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வதும் வாய் வழியாகக் கெட்டிப்பதுதான், ஆனால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. 1857இல் சிப்பாய்கள் கடிக்க மறுத்த கொழுப்புத் தோட்டா எந்தத் துப்பாக்கிக்காக வந்ததோ, அந்த என்ஃபீல்டு முதல் வகை: வாய்வழி, சுருள் வரி, மேலே கேப். நான்கே ஆண்டுகளில் அதே என்ஃபீல்டு அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரண்டு பக்கத்துப் படைகளின் கையிலும் இருந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது ராணுவத் துப்பாக்கி பற்றி அல்ல. அவை ஆயிரக்கணக்கில் அச்சு வார்த்த மாதிரி வந்தவை. ஒரு பட்டறை, இரண்டு மூன்று கைகள், ஒரு துப்பாக்கி என்று செய்தார்களே, அவற்றைப் பற்றித்தான்.

கேப்புக்கு முன்னால் சக்கிமுக்கிக் கல் இருந்தது. இரும்பின் மேல் கல் உரசி, பொறி பறந்து, வெளியே ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கும் மருந்தில் பட்டு, அது எரிந்து, அந்தத் தீ பக்கத்துத் துளை வழியாக உள்ளே போய்ப் பெரிய மருந்தைப் பற்ற வைக்க வேண்டும். மழை பெய்தால் கிண்ணத்து மருந்து கூழாகிவிடும். காற்றடித்தால் பறந்துவிடும். எல்லாம் சரியாக நடந்தாலும், விசையை இழுப்பதற்கும் குண்டு கிளம்புவதற்கும் நடுவே ஒரு கண நேரம் தாமதம் உண்டு. ஸ்காட்லாந்தில் அபர்டீனுக்குப் பக்கத்தில் பெல்ஹெல்வி என்ற ஊரில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்று ஒரு பாதிரியார் இருந்தார். பறவை வேட்டையில் பித்து. கிண்ணத்தில் பளிச்சென்று தீ தெரிந்ததுமே பறவைகள் உஷாராகி நழுவிவிடுவது அவருக்குப் பெரிய எரிச்சல். அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு ஒரு விசையமைப்பைச் செய்து 1807இல் காப்புரிமை வாங்கினார். பார்க்க அத்தர் குப்பி மாதிரி இருந்ததால் அதற்கு அந்தப் பெயரே நிலைத்தது.

அவருடைய மருந்து தூளாக இருந்தது. அதைச் செம்பில் செய்த சின்னஞ்சிறு தொப்பிக்குள் ஒட்டி வைக்கலாம் என்ற யோசனை அதற்கப்புறம் வந்தது. முதலில் செய்தது நான்தான் என்று பலர் சண்டை போட்டார்கள். அதில் ஒருவர் ஜோஷுவா ஷா. இங்கிலாந்திலிருந்து பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தவர், தொழில் இயற்கைக் காட்சி ஓவியம். 1822இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கியவர் அவர். ஒரு பாதிரியாரும் ஓர் ஓவியரும் சேர்ந்து துப்பாக்கித் தொழிலைத் தலைகீழாகப் புரட்டிய கதை இது. 1834இல் பிரிட்டிஷ் ராணுவம் வுல்விச்சில் இரண்டு வகையையும் தலா 6,000 தடவை சுட்டுப் பார்த்தது. கல் துப்பாக்கி 922 தடவை ஏமாற்றியது, கேப் துப்பாக்கி 36 தடவை. அதற்குப் பிறகு வாதம் செய்ய என்ன இருக்கிறது? அமெரிக்க ராணுவம் 1841, 1842 மாதிரிகளில் கேப்புக்கு மாறியது. பொதுமக்கள் அதற்கு முன்பே மாறத் தொடங்கிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாற்றுவதற்குப் புதுத் துப்பாக்கி வாங்க வேண்டியதில்லை. ஊர்க் கொல்லரிடம் கொடுத்தால், கிண்ணத்தைக் கழற்றிவிட்டு, பழைய துளையில் மரை போட்டு, ஒரு சிறு இரும்பு உருளையை முறுக்கி, அதன் தலையில் நிப்பிளை நட்டுக் கொடுத்துவிடுவார். சைக்கிள் கடையில் சொல்லும் நிப்பிள் போல இதுவும் சின்னதுதான், நடுவில் ஊசித் துளை. அதன் மேல் கேப்பைச் செருக வேண்டும். அப்பாவின் கல் துப்பாக்கி மகனின் கேப் துப்பாக்கி ஆனது இப்படித்தான். அருங்காட்சியகத்தில் பழைய ரைஃபிளைப் பார்த்தால் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் உருளை நீட்டிக்கொண்டு, விசைத் தகட்டில் பயனில்லாத பழைய திருகுத் துளைகள் தெரிந்தால், அது மதம் மாறிய துப்பாக்கி.

சரி, வேலைப்பாட்டுக்கு வருவோம். இந்தத் துப்பாக்கிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பித்தளை நகாசையும் வெள்ளி நட்சத்திரத்தையும் காட்டித்தான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் அவ்வளவாக மயக்கம் இல்லை. இரும்பு மரத்துக்குள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். நகாசை ஒரு நல்ல சிற்றுளிக்காரர் கடைசி வாரத்தில் போட்டுவிடலாம். பொருத்தத்தைக் கடைசியில் போட முடியாது.

குழலிலிருந்து தொடங்கலாம். பழைய முறையில் அது ஒரு நீளமான இரும்புப் பட்டை. அதை உலையில் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி மடக்கி, சில அங்குலம் சில அங்குலமாகச் சம்மட்டியால் அடித்து ஒட்டவைக்க வேண்டும். தனியாளால் முடியாது, கம்மாளப் பட்டறை மாதிரி எதிர்ச் சம்மட்டி போட ஓர் ஆள் வேண்டும். ஓர் இடத்தில் ஒட்டு சரியாகப் பிடிக்கவில்லை என்றால், என்றைக்கோ ஒருநாள் சுடுகிறவன் முகத்துக்குப் பக்கத்தில் அது திறந்துகொள்ளும். அப்புறம் நீண்ட துரப்பணத்தால் உள்ளே குடைந்து சீராக்குவார்கள். குடைந்த குழல் நேராக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? உள்ளே ஒரு மெல்லிய நூலை இழுத்துக் கட்டி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்துக் கண்ணை வைப்பார்கள். நூலும் சுவரும் எங்கே விலகுகின்றனவோ அங்கே கோணல். அந்த இடத்தை மட்டும் பட்டறைக் கல்லில் வைத்து ஒரு தட்டு. மறுபடி நூல். மறுபடி தட்டு.

சுருள் வரி வெட்டும் மேசை இன்னும் அழகான சங்கதி. ஒரு தடித்த மர உருளையில் பெரிய அளவில் சுருள் பள்ளம் வெட்டியிருக்கும். அந்த உருளையை முன்னும் பின்னும் தள்ளினால் அது தானே சுழலும். அதன் நுனியில் ஒரு கோல், கோலின் தலையில் வாள்பல் மாதிரி ஒரு சின்ன வெட்டிரும்பு. தள்ளி இழுக்கும்போது அது குழலுக்குள் அதே முறுக்கில் ஒரு கீற்று இரும்பைச் சுரண்டிக்கொண்டு வரும். ஒரு பள்ளத்துக்கு ஓர் இழுப்பு, பிறகு உருளையை ஒரு படி திருப்பி அடுத்த பள்ளம். எல்லாப் பள்ளமும் ஒரு சுற்று முடிந்ததும், வெட்டிரும்பை மயிரிழை உயர்த்த வேண்டும். அதற்கு என்ன செய்வார்கள் தெரியுமா? அதன் அடியில் ஒரு துண்டுக் காகிதம் வைப்பார்கள். அடுத்த சுற்றுக்கு இன்னொரு காகிதம். இப்படி நூற்றுக்கணக்கான இழுப்பு. காகிதத்தின் தடிமன்தான் அங்கே அளவுகோல்.

முறுக்கு எவ்வளவு என்பதும் கணக்குதான். மலைநாட்டு ரைஃபிள்களில் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது மிகவும் பரவலான அளவு. குழலே 34 அல்லது 36 அங்குலம்தான் என்றால், குண்டு வாயைத் தாண்டும்வரை முக்கால் சுற்றுதான் சுற்றும். அது போதும்.

இந்த இடத்தில் ஓர் ஆளைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. குண்டை வாய் வழியாகத் தள்ளும்போது அது கோணலாக நுழைந்தாலோ, கோல் உரசி வாயின் விளிம்பு தேய்ந்தாலோ குறி கெட்டுவிடும். இதற்குக் குழலின் வாயிலிருந்தே ஒரு துண்டை அறுத்து, கழற்றி மாட்டும் பொய்வாயாகப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்து 1840இல் காப்புரிமை எடுத்தவர் மாசசூசெட்ஸ்காரர் ஆல்வன் கிளார்க். கெட்டிக்கும்போது மாட்டுவது, சுடும்போது கழற்றிவிடுவது. அவரேதான் பிற்பாடு தொலைநோக்கிக் கண்ணாடி தேய்க்க உட்கார்ந்து, அந்தக் காலத்தின் மிகப் பெரிய லென்சுகளைச் செய்த நிறுவனத்தைத் தொடங்கினார். 1862இல் அவர்கள் புதிதாகத் தேய்த்த ஒரு லென்சைச் சோதிக்கும்போதுதான் அவர் மகன் சிரியஸ் நட்சத்திரத்தின் மங்கலான துணையை முதன்முதலில் பார்த்தார். துப்பாக்கி வாயைத் துல்லியமாக்கிய கைதான் அது.

குழலைத் தாங்கும் மரக்கட்டைக்கு அமெரிக்கர்கள் தேடியது மேப்பிள், அதிலும் அலைவரி ஓடும் மேப்பிள். நம் தச்சர்கள் ஈட்டி மரத்தில் வரி பார்த்து வாங்குவது போல. இரும்பைக் கரைத்த திராவகத்தை மரத்தின் மேல் தடவி, சூடு காட்டினால், அலையின் ஒரு பக்கம் கறுத்து ஒரு பக்கம் தேன்நிறமாக நிற்கும். கையில் எடுத்துச் சாய்த்தால் வரிகள் நகர்வது போல இருக்கும். அதன் மேல் ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து. நல்ல மரம் எல்லோருக்கும் கிடைக்குமா? பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் ஹென்றி லீமன் என்பவர் மலிவு விலை ரைஃபிள்களை நிறையச் செய்து பூர்வகுடி மக்களோடு நடந்த வணிகத்துக்கும் அனுப்பியவர். அவருடைய பல துப்பாக்கிகளில் வரியே இல்லாத மேப்பிளில் வரியை வரைந்துவிட்டிருப்பார்கள். இன்றைக்கு அந்தப் போலி வரிதான் லீமன் ரைஃபிளின் அடையாளம், சேகரிப்பாளர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

இனி நான் சொன்ன பொருத்தம். ஒரு விசைத் தகடு, அதன் பின்னால் வளைந்த வில், பற்சக்கரத் துண்டு, திருகுகள் என்று மேடும் பள்ளமுமாக ஓர் இரும்புச் சாமான். அதை மரத்துக்குள் பதிக்க வேண்டும். சுற்றி இடைவெளி தெரியக் கூடாது, அதிகமாகத் தோண்டி மரத்தைப் பலவீனமாக்கவும் கூடாது. வழி இதுதான்: இரும்பின் மேல் விளக்குப் புகைக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவுவார்கள். மரத்தில் வைத்து ஓர் அழுத்து. எடுத்தால், எங்கே இடிக்கிறதோ அங்கே கறுப்பாக ஒட்டியிருக்கும். அந்தப் புள்ளியை மட்டும் சீவி எடுப்பார்கள். மறுபடி கரி, மறுபடி அழுத்து. ஐடிஐயில் ஃபிட்டர் படித்தவர்களுக்கு இது புதிதல்ல, அவர்கள் நீல மையைத் தடவித் தளம் பார்ப்பது இதே வித்தைதான். கடைசியில் மொத்தப் பரப்பும் ஒரே சீராகக் கறுப்பு ஒட்டும்போது வேலை முடிந்தது. நல்ல கைவேலையில் இரும்பு மரத்துக்குள் வைக்கப்பட்டது போலத் தெரியாது, மரம் இரும்பைச் சுற்றி வளர்ந்தது போலத் தெரியும்.

விசைப்பொறி பார்ப்பதற்குச் சின்னது. நம் பழைய ஆட்கள் துப்பாக்கியின் சுத்தியைக் குதிரை என்பார்கள், எனக்கு அந்தச் சொல் பிடிக்கும். குதிரையைப் பாதி இழுத்தால் ஒரு காடியில் நிற்கும், அது பத்திர நிலை. கேப் செருகுவது அப்போதுதான். முழுதாக இழுத்தால் இன்னொரு காடி, அது சுடும் நிலை. இதோடு இரட்டை விசை என்று ஒன்றைச் சேர்த்தார்கள். பின்விசையை இழுத்தால் உள்ளே ஒரு வில் ஏறிக்கொள்ளும், சத்தம் மட்டும் வரும். அதற்கப்புறம் முன்விசையை இறகால் தொட்டால் போதும். ஆனால் அந்த அளவு மென்மையான விசையில் ஒரு சிக்கல். குதிரை கீழே விழும் வழியில் பாதிக் காடியில் போய் மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் விரல் அழுத்திப் பிடித்திருக்கும் நேரமே இல்லை. அதைத் தடுக்க அரிசிமணி அளவில் ஓர் ஆடும் துண்டு உள்ளே இருக்கிறது. குதிரை விழும்போது அது பாதிக் காடியை மறைத்துக்கொள்ளும், மெதுவாக ஏற்றும்போது ஒதுங்கி வழிவிடும். வெளியிலிருந்து யாருக்கும் தெரியாத அந்தத் துண்டை அரத்தால் ராவிச் செய்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் ஒரே மனிதர் செய்தாரா? சிலர் செய்தார்கள். 1960களில் வர்ஜீனியாவில் காலனியல் வில்லியம்ஸ்பர்க் என்ற அருங்காட்சியக ஊரில் வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் பழைய கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டு குழல், விசை, திருகு உட்பட ஒரு முழு ரைஃபிளைச் செய்து காட்டினார். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் சராசரிப் பட்டறை அப்படி இல்லை. விசைப்பொறியைப் பெட்டி பெட்டியாக இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து வரவழைப்பார்கள். குழலை நீர்ச்சக்கர ஆலையில் வாங்குவார்கள். பட்டறையின் வேலை அவற்றை ஒன்றாக்குவது. இதைக் கேட்டதும் சிலருக்கு ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. வீணை செய்கிறவர் தந்தியையும் தானே இழுத்தாரா என்று யாரும் கேட்பதில்லையே.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனி, சுவிட்சர்லாந்திலிருந்து பென்சில்வேனியாவுக்கு வந்த கொல்லர்கள் குட்டையான, குழலின் உள்துளை பெரிதான ரைஃபிள்களைச் செய்யத் தெரிந்தவர்கள். அமெரிக்கக் காட்டில் ஈயமும் மருந்தும் அருமை, அதனால் துளை சிறுத்தது, குழல் நான்கடி அளவுக்கு நீண்டது, கட்டை மெலிந்தது, பக்கத்தில் பித்தளை மூடி போட்ட சிறு பெட்டி வந்தது. கென்டக்கி ரைஃபிள் என்று உலகம் சொல்வது இதைத்தான், செய்ததென்னவோ பென்சில்வேனியா. அப்பலேச்சிய மலைக்காரர்கள் பித்தளையும் இல்லாமல், பெட்டிக்குப் பதில் கட்டையில் கொழுப்பு வைக்க ஒரு குழி மட்டும் தோண்டிக்கொண்டு, அதே துப்பாக்கியின் ஏழைப் பதிப்பைச் செய்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் அழகு.

மேற்கே போகப் போகத் தேவை மாறியது. குதிரை மேல் போகிறவனுக்கு ஐந்தடி நீள மெல்லிய மரக்கட்டை எங்கேயாவது இடித்து முறிந்துவிடும். மானுக்குப் போதுமான சிறு குண்டு காட்டெருமைக்கும் கிரிஸ்லி கரடிக்கும் போதாது. இதற்குப் பதில் சொன்ன ஊர் மிசௌரி ஆற்றின் சங்கமத்துக்கு அருகே இருந்த செயின்ட் லூயிஸ். பதில் சொன்னவர்கள் ஹாக்கன் சகோதரர்கள்.

ஜேக்கப் ஹாக்கன் 1786இல் பிறந்தவர், தம்பி சாமுவேல் 1792. அப்பா மேரிலாந்தின் ஹேகர்ஸ்டவுனில் துப்பாக்கிக் கொல்லர். ஜேக்கப் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ராணுவ ஆலையில் வேலை பார்த்துவிட்டு செயின்ட் லூயிஸுக்கு வந்தார், தம்பி 1822இல் வந்து சேர்ந்தார். அவர்களுடைய ரைஃபிளில் மினுமினுப்பு எதுவும் கிடையாது. பித்தளைக்குப் பதில் பழுப்பேற்றிய இரும்பு. பாதி நீளம்தான் மரம், மீதிக் குழலின் அடியில் ஓர் இரும்புப் பட்டை. எட்டுப் பட்டைக் குழல், கனமானது. துளை 0.50 முதல் 0.54 அங்குலம் வரை. மொத்த எடை நாலரையிலிருந்து ஐந்தரைக் கிலோ. ஒரு பவுண்டு ஈயத்தில் முப்பது சொச்சம் குண்டுகள் வார்க்கலாம், அவ்வளவு பெரிய குண்டு.

அவர்களின் கெட்டிக்காரத்தனம் தெரியும் இடம் கட்டையின் கழுத்து. எந்த நீளத் துப்பாக்கியும் முறிவது கைபிடிக்கும் அந்த ஒடுக்கமான இடத்தில்தான். ஹாக்கன்கள் குழலின் வாலை இரும்பு நாக்காகக் கழுத்தின் மேல் நீட்டிவிட்டார்கள், விரலால் இழுக்கும் விசையின் அடித்தகட்டை அதே அளவுக்குக் கீழே நீட்டினார்கள். இரண்டையும் மரத்தின் ஊடாகத் திருகுகளால் இறுக்கினார்கள். இரண்டு இரும்புக்கு நடுவே மரம், சப்பாத்திக்குள் வைத்த காய்கறி மாதிரி ஆகிவிட்டது, குதிரையிலிருந்து விழுந்தாலும் பிழைக்கும். இன்னொன்று, குழலின் பின்முனையில் ஒரு கொக்கி. முன்னால் இரண்டு ஆப்புகளை உருவினால் குழல் அப்படியே தூக்கிக் கையில் வந்துவிடும், வாளியில் வைத்துக் கழுவலாம். இதன் அருமை கொஞ்ச நேரத்தில் புரியும்.

ஒரு திருத்தம் சொல்லிவிட வேண்டும். நீர்நாய் போன்ற பீவரைப் பிடித்துத் தோல் விற்ற மலைமனிதர்கள் எல்லோரும் கையில் ஹாக்கன் வைத்திருந்தது போலப் படங்களில் காட்டுவார்கள். அந்த வேட்டைக்காரர்களின் வருடாந்தரச் சந்தை நடந்தது 1825 முதல் 1840 வரை. அந்தக் காலத்தில் பெரும்பாலானவர்கள் கையில் இருந்தது பென்சில்வேனியாவிலிருந்து மொத்தமாக வந்த ரைஃபிள். ஹாக்கனின் பொற்காலம் அதற்குப் பின்னால், 1840களிலும் 50களிலும்தான். ஜிம் பிரிட்ஜர், கிட் கார்சன் ஆகிய பெரும் பெயர்களிடமும் ஹாக்கன் இருந்தது உண்மை. பிரிட்ஜருடையது மொன்டானா வரலாற்றுச் சங்கத்திடம் இருக்கிறது, கார்சனுடையது சான்டா ஃபேயில் ஒரு மேசோனிக் லாட்ஜிடம், அதாவது ஃப்ரீமேசன் சங்கக் கிளையிடம்.

இப்போது சுடும் முறை. இதன் கவர்ச்சியில் பெரும்பங்கு இங்கேதான். கொம்பிலிருந்து கருமருந்தை ஒரு சிறு அளவையில் ஊற்றி, அதைக் குழலுக்குள் கொட்ட வேண்டும். நூற்றுக்கு 75 வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம் என்ற பழைய கலவைதான் அது. டெலவேரில் பிராண்டிவைன் ஓடைக்கரையில் 1802இல் இதற்கென்று ஆலை வைத்துத்தான் டூபான்ட் குடும்பம் பணக்காரர்கள் ஆனது. அடுத்து ஒரு வட்டத் துணி, மிருகக் கொழுப்பு தடவியது, அவசரத்துக்கு எச்சில் தொட்டதும் சரி. அதைக் குழல் வாயில் விரித்து, மேலே உருண்டைக் குண்டு. குண்டு துளையைவிடக் கொஞ்சம் சின்னது, துணிதான் இடைவெளியை நிரப்பிச் சுருள் வரியைப் பிடித்துக்கொள்ளும். சுற்றுவது உண்மையில் துணி, குண்டு அதோடு சேர்ந்து சுற்றுகிறது. ஒரு குட்டைக் குச்சியால் உள்ளே அழுத்தி, நீளக் கோலால் மருந்தின் மேல் போய் உட்காரும்வரை தள்ள வேண்டும். நடுவே இடம் விட்டால் குழலுக்கு ஆபத்து. அதனால் கோலில் ஒரு கோடு கீறி வைத்திருப்பார்கள், அந்தக் கோடு வாய்க்கு நேராக வந்தால் குண்டு அடியில் உட்கார்ந்துவிட்டது. பிறகு குதிரையைப் பாதி ஏற்றி, கேப். முழுதும் ஏற்றி, குறி.

பழகிய கைக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரே ஒரு வெடி. கட்டை வெடிபோலப் பட்டென்று வெடிக்காது, தோளை மெல்லத் தள்ளும். வெண்புகை மேகமாக எழும்பி முன்னால் நிற்கும். குறி பட்டதா என்று தெரிய அது விலகும்வரை காத்திருக்க வேண்டும். ஹாக்கன் கட்டையின் பின்முனை பிறை மாதிரி ஆழமாக வளைந்திருக்கும். இன்றைய பழக்கத்தில் தோள்குழியில் வைத்தால் பிறையின் கொம்பு குத்தும். தோள்குழியைத் தாண்டி மேல்கையில் வைக்க வேண்டும்.

அதற்கப்புறம் கழுவும் வேலை. கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்தக் கசடு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஒரு ராத்திரி விட்டால் துரு. எனவே வெந்நீர், சோப்பு, துணி சுற்றிய கோல். ஆப்பை உருவி, குழலை வாளியில் நிற்க வைத்து, கோலை ஏற்றி இறக்கினால் அடித்துளை வழியாகத் தண்ணீர் உறிஞ்சி உறிஞ்சிக் கறுப்பாக வெளியே வரும். அழுகிய முட்டை நாற்றம். இதை ஒரு தொல்லையாக நினைப்பவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் நீடிக்க மாட்டார்கள்.

உலோகத் தோட்டா வந்ததும், 1870களுக்குள் இவை பழைய சாமான் ஆகிவிட்டன. ஆனால் முழுக்கச் சாகவில்லை. மலைப்பகுதி ஊர்களில் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். 1933இல் தேசிய வாய்வழி ரைஃபிள் சங்கம் தோன்றியது, இன்றும் இந்தியானாவில் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் அவர்களுடைய போட்டிகள் நடக்கின்றன. 1954இல் டென்னசியில் டிக்ஸி கன் வொர்க்ஸ் தொடங்கி நகல்களை விற்றது. 1970இல் தாம்சன் சென்டர் நிறுவனம் ஹாக்கன் என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தது, பலரும் இந்த உலகத்துக்குள் நுழைந்தது அதன் வழியாகத்தான். பித்தளைச் சாமான், குட்டைக் குழல், மெல்லிய உடம்பு. உழைப்பாளித் துப்பாக்கி, ஆனால் சாமுவேல் ஹாக்கனிடம் காட்டினால் தன் பெயர் ஏன் அதில் இருக்கிறது என்று கேட்டிருப்பார். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் இவ்வகையைப் பொதுவாகப் பழம்பொருளாகவே பார்க்கிறது. இந்தியாவில் அப்படி இல்லை, வாய்வழித் துப்பாக்கிக்கும் பொதுவாக உரிமம் வேண்டும்.

ஜேக்கப் 1849இல் செயின்ட் லூயிஸைத் தாக்கிய காலராவில் இறந்தார். குழலில் குத்தும் முத்திரை அதோடு மாறிவிட்டது, அண்ணன் எழுத்து போய் தம்பி எழுத்து மட்டும். சாமுவேல் 1859இல் தங்க வேட்டைக் கூட்டத்தோடு கொலராடோவுக்குப் போனார், டென்வரில் கொஞ்ச நாள் கடை போட்டார், திரும்பி வந்தார். பட்டறை கைமாறி, அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் ஜான் கெம்மரிடம் போய்ச் சேர்ந்தது. ஓய்வு பெற்ற கிழவர் சாமுவேல் அவ்வப்போது பட்டறைக்கு வந்து உட்காருவாராம். ஒருநாள் எழுந்து, மேலங்கியை மாட்டிக்கொண்டு, கடைசியாக ஒரு ரைஃபிளைச் செய்து முடித்தார் என்று சொல்வார்கள். அவர் 1884இல் காலமானார். கெம்மர் கடையை மூடியது 1915இல்.